குற்றாலத்துக்கு ஒரு சொந்தக் கார்

இந்த மண்ணில் பிறந்த ஒரு மனிதன், இந்த மண்ணின் மரத்தையும் இரும்பையும் செம்பையும் கொண்டு, வெள்ளைக்காரன் தயவு இல்லாமல், தன் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு மோட்டார் காரை உண்டாக்கி ஓட்டிக் காட்டுவது, விசுவநாதர் கோயில் கோபுரத்துக்குப் பிறகு தென்காசியில் நடக்கும் மிகப் பெரிய காரியம் என்று தில்லைநாயகம் பிள்ளை சொல்லுவார். அந்தக் கோபுரம் அப்போது மொட்டையாக நின்றதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று காலை அந்தக் காருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போயிற்று.

இதைப் பிள்ளை வைக்கோல் படப்பின் உள்ளேயிருந்து கண்டுபிடித்தார். தலையில் தோல் தொப்பி, கண்ணில் விமானம் ஓட்டுகிறவர்களின் கண்ணாடி, கழுத்துவரை பித்தான் போட்ட காக்கிக் கோட்டு என்று முழு அலங்காரத்தோடு அவர் வெளியே வந்தபோது, மீசை இருந்த இடத்தில் ஒரு கைப்பிடி வைக்கோல் இருந்தது. பின்னால் என்ஜின் இருமி இருமி நின்றுபோயிற்று.

அடுக்களை வாசலில் அவர் மனைவி குழல்வாய்மொழி முறமும் கையுமாக நின்றாள்.

“அடி பட்டிருக்கா?” என்றாள்.

“ஒரு கீறல்கூட இல்ல எனக்கு.”

“மாட்டக் கேட்டேன். அங்கனதான் நின்னுச்சு.”

மாடு சௌக்கியமாக இருந்தது. பிள்ளை தொப்பியை எடுக்கும்போதே எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவது என்று அது எப்போதோ முடிவு செய்திருந்தது.

பிள்ளை வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டே, இது ஒரு குறையே அல்ல என்று விளக்கினார். ஓட்டுகிறவன் மனத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். இடப்பக்கம் போகவேண்டும் என்றால் வலப்பக்கம் நினைக்க வேண்டியது. மேல்நாட்டில் இதையெல்லாம் பழக்கத்தில் சரிசெய்துகொள்ளுகிறார்கள்.

குழல்வாய்மொழி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அவசரத்துல ஒண்ணும் செஞ்சு வைக்காதிய. கழத்திட்டு முறையா மறுபடி செய்யச் சொல்லுங்க. நான் எங்க ஓடியா போறேன்.”

பிள்ளைக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இப்படி ஒரு பொறுமையை அவர் வேறு எந்தப் பெண்ணிடமும் கண்டதில்லை. ஏனென்றால் அந்தக் கார் அவளுக்காகத்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல் சொச்சம். மலையில் சாரல் விழுந்தால் தென்காசிக் கொடியில் காயும் வேட்டியும் நனையும். சீசன் வந்தால் மெட்ராஸிலிருந்தும் மதுரையிலிருந்தும் சனங்கள் ரயிலேறி வந்து அருவியில் நிற்பார்கள். குற்றாலத்து அம்மனின் பெயர் குழல்வாய்மொழி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனைவி, வீரகேரளம்புதூரில் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் தகப்பன் தோளில் உட்கார்ந்து ஒருமுறை அருவியைப் பார்த்தவள். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபிறகு அருவி அவளுக்குக் கிட்டத்தில் வந்தது. குற்றாலம் தூரத்தில் போய்விட்டது.

காரணம் பிள்ளையின் சபதம். அவருடைய தகப்பனார் காலத்தில் அந்தத் தெருவிலேயே கார் வைத்திருந்த ஒரே வீடு அவர்களுடையது. தகப்பனார் போனார், பாகப்பிரிவினை வந்தது, கார் போயிற்று. கல்யாணமான புதிதில் பிள்ளை மனைவியைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் பஸ்ஸுக்காக நின்றார். படியில் ஒரு காலை வைத்தபோது, பெண் வீட்டு வகையில் சித்தப்பா முறை வேண்டிய ஒருவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு இப்ப பஸ்ஸுதானா?” என்று கேட்டுவிட்டார். கேட்டவர் நகர்ந்து உட்கார்ந்து இடமும் கொடுத்தார். அதுதான் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. காலை எடுத்தார், மனைவியைத் திருப்பி அழைத்துவந்தார், தெருவில் நின்று சொன்னார்: குற்றாலத்துக்கு இவள் போனால் எங்கள் சொந்தக் காரில்தான் போவாள். கார் வாங்கும் வசதி தகப்பனாரோடு போய்விட்டது என்பது பிறகு நினைவு வந்தது. “நான் செய்த காரில்” என்ற திருத்தம் அப்போது சேர்ந்தது. சொன்ன வார்த்தையை இவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றும் மனிதர்கள் குறைவு. அதைக் காப்பாற்றும் சிரமம் யாருக்கு என்பதை இந்த மாதிரி மனிதர்கள் யோசிப்பதும் குறைவு.

மலைமேல் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, தேசம் சுதந்திரமானதும் கப்பலேறினான். அவன் விட்டுப்போன காரின் எலும்புக்கூடு செங்கோட்டையில் ஒரு கொட்டகையில் கிடந்தது. பிள்ளை அதை மாட்டுவண்டியில் ஏற்றிவந்தார். சட்டமும் என்ஜினும் இருந்தன. மற்றதில் மரத்தைக் கரையான் தின்றிருந்தது, தோலை எலி தின்றிருந்தது. வெளிநாட்டுச் சாமானுக்கு டெல்லி கதவைச் சாத்தியிருந்த காலம் அது. மெட்ராஸ் கடைகளில் விசாரித்தால் அந்த மாடலின் பெயரையே நம்ப மாட்டேன் என்றார்கள். எனவே வேண்டியதை இங்கேயே செய்துகொள்வது என்று ஆயிற்று. மூத்த பையன் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்ந்து, இளையவனும் அவன் பின்னால் போனபிறகும், அது ஆகிக்கொண்டே இருந்தது.

ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள கையைச் செய்தவர் மாடக்கண்ணு ஆசாரி. கோயில் தேர் வேலையில் பேர் போனவர், மரம் இரும்பு இரண்டிலும் கை உண்டு. வைக்கோல் படப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் தன் பேரில் பிசகு இல்லை என்றார். பிள்ளை படம் வரைந்தபோது காருக்கு முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். தன் வலது கைப் பக்கத்தை வலம் என்று குறித்திருக்கிறார். ஆசாரியின் தொழிலில் வலம் என்றால் பார்க்கிறவனின் வலம் அல்ல, சுவாமியின் வலம்.

“வண்டிக்குள்ள என்னய்யா சுவாமி?” என்று பிள்ளை கேட்டார்.

“நீங்கதான் உள்ள உக்காருவிய அண்ணாச்சி. உங்க வலம்னு வச்சேன்.”

இதில் கோபப்படவும் முடியவில்லை, மறுக்கவும் மனம் வரவில்லை. பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தேருக்கு ஸ்டியரிங்கே கிடையாது, சக்கரத்தில் சறுக்குக்கட்டையைக் கொடுத்து வேண்டிய பக்கம் திருப்பிவிடலாம் என்று ஆசாரி ஒரு யோசனையும் சொன்னார். பிள்ளை அவருக்கு விஞ்ஞானம் பற்றிக் கொஞ்சம் எடுத்துச் சொன்னார். ஆசாரி வெற்றிலை போட்டு முடிக்கும்வரை கேட்டார்.

புதுக் கையைக் கடையநல்லூரில் பரீதிடம் செய்துகொள்வது என்று தீர்மானமாயிற்று. பரீது தறிச்சாமான் செய்கிறவன், கடைசல் மெஷின் வைத்திருந்தான். காலை ரயிலில் போனால் சாயங்கால ரயிலில்தான் திரும்பலாம். குற்றாலத்துக்கு ஆகாத பொது வாகனம் கடையநல்லூருக்கு ஆகுமா என்று தெருவில் யாரோ கேட்டதாகத் தெரிந்தது. சபதத்தில் கடையநல்லூர் வரவில்லை என்று பிள்ளை பதில் சொல்லி அனுப்பினார்.

நாளைக்கே போகிறேன் என்றவரைக் குழல்வாய்மொழிதான் நிறுத்தினாள்.

“செவ்வாய்க்கிழம போங்க. இரும்புக் காரியத்துக்குச் செவ்வாய்தான் விசேஷம்.”

பிள்ளைக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை. மூடப்பழக்கம் ஒழிய வேண்டும் என்று வாசகசாலையில் பேசியவர் அவர். ஆனாலும் தனக்காக இவ்வளவு காலம் காத்திருக்கும் ஒருத்தியின் சின்ன நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று செவ்வாய்க்கிழமையே போனார். அன்று முதல் இரும்பு வேலைக்கெல்லாம் செவ்வாய்க்கிழமை என்று ஆகிவிட்டது.

பரீது செய்துகொடுத்த கை அழகாக இருந்தது. தறியில் ஒரு நூல் பிசகினால் துணி காட்டிக்கொடுத்துவிடும், இந்தக் கார் வேலையெல்லாம் அதற்கு முன்னால் தூசு என்று சொல்லிக்கொண்டே செய்தான். மாட்டிப் பார்த்ததில் வலம் வலமாகவும் இடம் இடமாகவும் ஆயிற்று. ஆனால் கை இப்போது மறுபக்கம் நீட்டிக்கொண்டு, கால் வைக்கும் பலகையில் இடித்தது. பலகையை உயர்த்த வேண்டும். பலகையை உயர்த்தினால் மேற்கூட்டைப் பிரிக்க வேண்டும்.

மாடக்கண்ணு ஆசாரி இதற்குத்தான் காத்திருந்தவர்போல உளியை எடுத்தார். பிள்ளையின் படத்தின்படி கூடு நீளம் ஒன்பது அடி, அகலம் ஐந்து. ஒன்பது ஆகாது என்று மனையடி சாஸ்திரம் சொல்லுகிறது. ஐந்தைப் பற்றி அது பேசவே இல்லை. ஆறில்தான் தொடங்குகிறது. அன்றைக்கே மனசில்லாமல் செய்ததாகவும், வைக்கோலோடு விட்டது என்று சந்தோஷப்பட வேண்டும் என்றும் ஆசாரி சொன்னார்.

“சாஸ்திரம் வீட்டுக்குய்யா. இது கார்.”

“ஆளு உள்ள உக்காந்தா அது வீடுதான் அண்ணாச்சி. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கையிலயா வந்து கேப்பாக?”

விஞ்ஞானத்தில் இதற்குப் பதில் இருக்கத்தான் செய்யும். பிள்ளை மனைவி இருக்கும் பக்கம் பார்த்தார். ஆசாரி சொல்லுவதும் யோசிக்கவேண்டியதுதான், நிதானமாக நல்லபடியாகவே செய்யட்டும் என்றாள் அவள். பத்தடி நீளம், ஆறடி அகலத்தில் தேக்கில் ஒரு கூடு எழும்பிற்று. நான்கு மூலையிலும் தாமரை மொட்டு வைத்து, முன்புறம் யாளி ஒன்றையும் தொடங்கியிருந்தார் ஆசாரி. யாளியைப் பிள்ளை தடுத்துவிட்டார். மொட்டுகள் அவருக்கே பிடித்துப்போனதால் விட்டுவிட்டார்.

இப்போது சக்கரங்கள் தெரியவில்லை. முட்டைமேல் கோழி உட்கார்ந்த மாதிரி சட்டத்தின்மேல் கூடு உட்கார்ந்திருந்தது. திரும்பினால் டயர் பலகையில் உரசிப் புகைந்தது. ஆகவே அச்சை இரண்டு பக்கமும் நீட்டவேண்டியதாயிற்று. மறுபடியும் பரீது, மறுபடியும் செவ்வாய்க்கிழமை.

அளவெடுக்கும் விஷயத்தில் பிள்ளைக்கு ஒரு கொள்கை இருந்தது. டேப் என்பது தையற்காரனுக்கு உரியது. நல்ல பருத்தி நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனால் எண்ணில் வரும் பிழையே வராது. இடப்பக்கத்தை வெயிலடித்த நாளில் அளந்தார். வலப்பக்கத்தை அளந்த நாளில் சாரல். நனைந்த நூல் கடையநல்லூர் போய்ச் சேர்வதற்குள் காய்ந்து சுருங்கிவிட்டது. பரீது முடிச்சுக்கு முடிச்சு பிசகாமல் கடைந்து கொடுத்தான். மாட்டியபின் கார் நேராகப் பார்த்துக்கொண்டு சாய்வாக நடந்தது, நண்டு மாதிரி.

நூல் நனைந்தால் என்ன ஆகும் என்று நூலிலேயே பிறந்து வளர்ந்த தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றான் பரீது. நூலிலேயே பிறந்தவனுக்கு நனைந்து காய்ந்த நூலைப் பார்த்ததும் தெரிய வேண்டாமா என்றார் பிள்ளை. கடைசியில் இருவரும் குற்றாலத்துச் சாரலின்மேல் பழியைப் போட்டு, டீ குடித்துப் பிரிந்தார்கள். திரும்பிச் செய்ய இன்னும் சில செவ்வாய்க்கிழமைகள் ஆயின.

அந்த மாலைகளில் பிள்ளை கைநிறைய எண்ணெய்க் கறையும் மடிநிறைய இரும்புமாக வீட்டுக்கு வருவார். குழல்வாய்மொழி எண்ணெய் தேய்த்து முழுகிய தலையை ஆற்றிக்கொண்டு, முகம் தெளிந்து உட்கார்ந்திருப்பாள். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் முழுகும் நாள்தானே. அவர் அச்சையும் ஆணியையும் பற்றிச் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே சோறு போடுவாள். எவ்வளவு பேசினாலும் அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சலிப்பே வராது. காரைப் பற்றிப் பேசினால் இந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷம் வருகிறதே, கார் வந்தால் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அடுத்து என்ஜின் கொதித்தது. தண்ணீர் குளிரும் பெட்டி துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. புதிது ஒன்று செய்ய நல்ல கனத்த செம்பு வேண்டும் என்றான் பாத்திரக்காரன். வீட்டில் அப்படிப்பட்ட செம்பு ஒன்றுதான் இருந்தது. குழல்வாய்மொழி பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த வெந்நீர்த் தவலை. அதைக் கேட்கப் பிள்ளை ரொம்பத் தயங்கினார். தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார். அவள் தவலையைத் தானே உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

“பிறகு குளிக்க என்ன செய்வ?”

“பச்சத் தண்ணியே நல்லாத்தான் இருக்கு.”

பிள்ளை அன்று வாசகசாலையில் பேசவில்லை. தியாகம் என்ற சொல்லைப் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறார். அதை ஒருவர் உருட்டிக்கொண்டு வந்து பார்த்தது அதுதான் முதல்.

தவலை பெட்டியாயிற்று, கொதிப்பு குறைந்தது. அச்சு சரியாயிற்று. இனிப் புறப்பட வேண்டியதுதான் என்றபோது, ஆறடிக் கூடு நாலரை அடிக் கொல்லை வாசலில் போகவில்லை. ஆசாரி அளந்து பார்த்து, வாசல்தான் அளவு தப்பாக இருக்கிறது என்றார். மதிலை இடித்தார்கள்.

மதில் இடிந்த அன்று குழல்வாய்மொழி காரைச் சுற்றி வந்து காது கொடுத்துக் கேட்டாள்.

“பிரேக்குல ஏதோ உரசுத மாதிரி கேக்கு,” என்றாள். “பரீது அண்ணன்ட்ட ஒருக்கக் காட்டிருங்களேன்.”

பிள்ளைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால் உரசல் இருக்கத்தான் செய்தது. செய்த பொருளில் எதைப் பிரித்துப் பார்த்தாலும் ஒரு உரசல் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. தன்னோடு இருந்து இருந்து இவளுக்கும் என்ஜினியரிங் வந்துவிட்டது என்று ஆசாரியிடம் பெருமையாகச் சொன்னார். ஆசாரி அவரை ஒரு நொடி பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிரேக்கு கடையநல்லூருக்குப் போயிற்று, வந்தது. பிறகு கதவு ஆடுகிறது என்றாள். பிறகு ஹாரன் சரியில்லை என்றாள். கார் ஒவ்வொரு வாரமும் முடிந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

ஆடி பிறந்துவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை. மறுபடியும் உரசிய பிரேக்குக் கட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்பட்ட பிள்ளை, பாதி வழியில் கையைப் பார்த்தார். குடை இருந்தது, கட்டை இல்லை. திரும்பி வந்தார்.

கொல்லையில், இடிந்த மதிலின் இடைவெளியில், குழல்வாய்மொழி நின்றிருந்தாள். வெளுத்த சேலை உடுத்தியிருந்தாள். மலைமேல் மேகம் இறங்கி, அருவி இருக்கும் இடம் கரும்பச்சையாக மங்கியிருந்தது. அவள் குற்றாலம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்ததுகூடத் தெரியவில்லை. கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தாள், யாரையோ எதிர்பார்க்கிறவள் மாதிரி.

பிள்ளை கிணற்றடியிலேயே நின்றுவிட்டார். கல்யாணமாகி வந்தபோது அவளுடைய காதோரம் கருகருவென்று இருந்தது. இப்போது ஒரு வெள்ளை இழை காற்றில் பறந்தது. வீட்டில் ஆள் இல்லாதபோது தினமும் இப்படித்தான் வந்து நிற்பாளோ. ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோபித்ததில்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து எவனோ ஒருவன் கேட்டதற்கு ஊரெல்லாம் பதில் சொன்னோம், பக்கத்தில் நின்றவளை ஒன்றும் கேட்கவில்லையே என்று தோன்றியது. இந்த எண்ணம் அவருக்குப் புதிது. இடம் பழகாத விருந்தாளிபோல அது நெஞ்சில் உட்காரவும் தெரியாமல் போகவும் தெரியாமல் நின்றது.

“ஏளா,” என்றார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ரயில் போய்விட்டதா என்று கேட்டாள்.

“போகட்டும். கிளம்பு.”

“எங்க?”

“குத்தாலத்துக்கு.”

அவள் முகம் வெளுத்துப்போனதை அவர் சந்தோஷத்தின் அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

“இன்னைக்கா? பிரேக்கு இன்னும் சரியா நிக்கலேல்லா?”

“ஆசாரி இருக்காரு. சறுக்குக்கட்ட கொண்டுவரச் சொல்லுதேன்.”

விஞ்ஞானத்தை அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் வரை அந்தக் கார் போன அழகைப் பார்த்தவர்கள் பலர் உண்டு. நான்கு மூலையிலும் தாமரை மொட்டு, நடுவில் தோல் தொப்பியோடு பிள்ளை, பின்னால் பட்டுச்சேலையில் குழல்வாய்மொழி. பட்டுதான் உடுத்த வேண்டும் என்று பிள்ளை பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். பக்கத்துப் படியில் மாடக்கண்ணு ஆசாரி சறுக்குக்கட்டையோடு நின்றார். இறக்கம் வந்தால் குதித்துக் கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுப்பார். வண்டி முனகி நிற்கும். எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறுவார். ரோட்டின் அகலம் முழுக்கக் காருக்கே சரியாக இருந்ததால் பின்னால் மாட்டுவண்டிகள் வரிசையாக வந்தன. இலஞ்சி பக்கத்தில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளை அவளுக்குத் தலை அசைத்தார்.

பாதி தூரத்தில் குற்றாலம் பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. வழி கிடைத்ததும் பக்கத்தில் உரசிக்கொண்டு போயிற்று. கண்டக்டர் தலையை வெளியே நீட்டிக் காருக்குள் பார்த்து ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான். குழல்வாய்மொழி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

“பாத்தியா, பொறாமையில அடிக்கான் ஹாரன,” என்றார் பிள்ளை.

“ஆமா,” என்றாள் அவள்.

பேரருவி நல்ல வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளை இறங்கினார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், தாமே கதவைத் திறந்து மனைவியை இறக்கினார். ஒரு சொற்பொழிவு தயாராக வைத்திருந்தார். உள்நாட்டுத் தொழில், சுயமரியாதை, கொடுத்த வாக்கு என்று அதில் மூன்று பகுதிகள் இருந்தன. அருவியின் இரைச்சலில் அதன் அவசியம் என்ன என்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். இவ்வளவுதான் சொல்ல முடிந்தது:

“வந்துட்டோம்.”

“வந்துட்டோம்,” என்றாள் அவளும். “அம்மாடி, எவ்வளவு தண்ணி.”

பெண்கள் குளிக்கும் பக்கம் வரை அவர் கூடவே நடந்தார். தண்ணீரில் தலையை நேராகக் கொடுக்கக் கூடாது, முதலில் முதுகைக் கொடுக்க வேண்டும், பாறையில் வழுக்கும், கம்பியை விடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் சரி என்று தலையாட்டினாள். புதிதாகக் கேட்கிறவளைப்போல ஒரு இடத்தில் நின்று, “அப்பிடியா,” என்றுகூடக் கேட்டாள்.

“மொத மொத பயமாத்தான் இருக்கும். பயப்படாத. நான் இங்கனதான் நிக்கேன்.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாரலும் கண்ணீரும் கலந்த அந்த முகத்தை ஊர் பார்க்க நின்று பார்ப்பது முறையில்லை என்று பிள்ளை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறுபக்கம் திரும்பினார். இத்தனை காலப் பாடும் இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று அவருக்குத் தோன்றியது. மதில், தவலை, வைக்கோல் எல்லாமே இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

பெண்கள் பக்கத்து வழியில், ஓலைக்குடையின் கீழே, எண்ணெயும் சீயக்காய்ப் பொடியும் விற்கும் ஹைருன் பீவி உட்கார்ந்திருந்தாள். குளிக்கப் போகிறவர்களின் பைகளையும் பார்த்துக்கொள்வாள். பட்டுச்சேலையையும், தொப்பியைக் கையில் பிடித்திருந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே கேட்டாள்:

“என்னக்கா, காலைல பஸ்ஸ விட்டுட்டியளா? போன செவ்வாய்க்கிழம மறந்துட்டுப் போன உங்க சோப்பு டப்பா எங்கிட்டதான் இருக்கு.”